நீல் தீவு கல் வளைவைப் பார்க்கப் பணம் கட்டுமுன் கடல் வற்றும் நேரத்தைக் கேளுங்கள்

நாகர்கோவிலில் ஒரு டூர் ஏஜென்சியில் மூன்று பேருக்கு 96,000 ரூபாய் கட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போய் வந்தோம். விமானம், கப்பல், அறை எல்லாம் சொன்னபடி இருந்தன. அதில் குறை சொல்ல மாட்டேன். எதற்காக அவ்வளவு தூரம் போனோமோ, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அம்மாவுக்கு 68 வயது. ஏஜென்சி நோட்டீஸில் நீல் தீவுக் கல் வளைவின் படத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். தீவுக்கு இப்போது ஷஹீத் துவீப் என்று பெயர். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில், பவளப் பாறையைக் கடல் அரித்து அரித்து உண்டான வளைவு அது. அங்கே குடியேறிய வங்காளிகள் ஹவுரா பாலம் என்பார்கள். கடல் வற்றிக் கிடக்கும்போதுதான் பாறை மேல் நடந்து அதன் அடிவரை போக முடியும்.

பணம் கட்டும்போதே கேட்டேன், "கடல் ஏறுற நேரம், வத்துற நேரம் பாக்க வேண்டாமா?" என்று. "எப்ப வேணும்னாலும் பாக்கலாம் அக்கா, பாறை எங்கயும் ஓடிப் போகாது" என்றார் அங்கிருந்தவர். பக்கத்து வீட்டு அக்காவும் அவர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான். அதனால் நம்பினேன்.

நாங்கள் போனது பௌர்ணமி அன்று, காலை 10 மணிக்கு. கரையோரம் வரை தண்ணீர். நடக்க வேண்டிய பாறை முழுக்க முங்கிக் கிடந்தது. கூட வந்த கைடு தலைக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, "ஓரமாப் போயிரலாம்" என்று முழங்கால் தண்ணீரில் இறக்கினார். பத்தடி போவதற்குள் அம்மாவின் வலது பாதம் வழுக்கிப் பவளக் கல்லில் கிழிந்துவிட்டது. பிளேடால் கீறியது போல நீளமாக ஒரு வெட்டு. துவர்த்தைக் கிழித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு கரையேறினோம். இளநீர் விற்றவர் பார்த்துவிட்டு, "இப்போ ஏன் வந்தீங்க? மூணு மணிக்கு மேல வந்தா நல்லா வத்திருக்குமே" என்றார். எங்களுக்கு 2.30க்குக் கப்பல்.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவின் பயணத் தாளை வாங்கிப் பார்த்தேன். அதே தாள், அதே 10 மணி, தேதி மட்டும் வேறு. அவர் போனது பௌர்ணமி கழிந்து ஏழெட்டு நாளில். கடல் ஏறுகிற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் மாறிவிடும். அவர் போன 10 மணிக்குக் கடல் வற்றியிருந்தது, நாங்கள் போன 10 மணிக்கு நிறைந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். வருஷம் முழுக்க ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கன்னியாகுமரியில் இருந்துகொண்டு இதைத் தெரியாது என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. கடல் நீர்மட்டம் தாழ்ந்ததால் திருவள்ளுவர் சிலைக்குப் படகு நிறுத்தம் என்று எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்! நம் கரையில் ஏற்ற இறக்கம் குறைவு. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரைகூட வரும். அந்தந்த நாளின் நேரம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதைப் பார்த்து, காலையில் போவதை மாலைக்கு மாற்ற ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

நேரில் போய்க் கேட்டதற்கு, "கடல் ஏறுனதுக்கு நாங்க என்ன செய்யதுக்கு?" என்றார்கள். அப்புறம் அடுத்த டூரில் 2,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தாள், ரசீது, அம்மாவின் பாதத்துக்குத் தையல் போட்ட சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன்.

அவர்களுடைய அடுத்த குழு வரும் மாதம் கிளம்புகிறது. நீல் தீவுக்குப் போகும் தேதியை நாள்காட்டியில் பார்த்தேன். அமாவாசைக்கு மறுநாள். தாளில் அதே காலை 10 மணி.