பஞ்சிகாவத்தையில் வாங்கிய 3/8 டோர்க் ரென்ச்: ஹெட் பூட்டிப் பார்த்த அனுபவம்

டோர்க் ரென்ச் என்பது நட்டையும் போல்ட்டையும் குறித்த அளவு முறுக்கில் இறுக்க உதவும் சாவி. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதைக் கேட்டால் முதலில் கைக்கு வருவது, சொக்கெட் பூட்டும் முனை அரை இஞ்ச் சதுரமாக உள்ள பெரியதுதான். முறுக்கு அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. சக்கர நட்டுக்கு அருமையான சாமான். ஆனால் சின்ன ஜப்பான் என்ஜினைக் கழற்றிப் பூட்டத்தான் தேடுகிறீர்கள் என்றால், அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு 3/8 இஞ்ச் கேளுங்கள். நான் வாங்கியது அதுதான். 20 முதல் 110 வரை அளவு, வைத்த முறுக்கு வந்ததும் சத்தம் போடும் க்ளிக் வகை, பேரம் பேசி 14,500 ரூபாய்.

"அரை இஞ்ச் எடுங்க தம்பி, எல்லாத்துக்கும் பாவிக்கலாம்" என்றுதான் கடைக்கார நானாவும் சொன்னார். எங்கள் வீட்டு வண்டி கொரோலா 121. அதில் இருக்கும் 1என்ஸெட் என்ஜினின் ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல் மூடிப் பகுதியை, பிடிக்கும் போல்ட்டுக்கு டொயோட்டா கொடுத்திருக்கும் முதல் சுற்று இறுக்கம் 29 நியூட்டன் மீட்டர். 28இல் தொடங்கும் ரென்ச்சில் 29 வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒழுங்காக அழுந்தியே இருக்காது. இந்த வகை ரென்ச்சை அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக்கூடாது. 210க்கு அது 42, 110க்கு 22. இதைச் சொன்னதும் நானா ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து இறக்கித் தந்தார். "இத கேக்குற ஆக்கள் குறைவு."

பெட்டிக்குள் ஒரு சோதனைச் சான்றிதழ் இருக்கும். அதிலுள்ள இலக்கமும் ரென்ச்சின் கழுத்தில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். எனக்கு முதலில் தந்த பெட்டியில் இரண்டும் வேறு வேறு. மாற்றிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். சான்றிதழில் பிழை 4 சதவீதத்துக்குள் என்று இருந்தது.

காகிதத்தை மட்டும் நம்ப மனம் வரவில்லை. வீட்டில் வைஸில் ரென்ச்சின் சதுரத்தைப் பிடித்து, கைப்பிடியைக் கிடையாக விட்டு, சதுரத்திலிருந்து சரியாக 30 சென்ரிமீட்டரில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். ("அரிசியை எங்கையடா கொண்டு போறாய்?" என்று அம்மா பின்னாலேயே வந்தார்.) கணக்குப்படி அது 29.4 நியூட்டன் மீட்டர். ரென்ச்சின் சொந்த எடையும் ஒன்றரை அளவுக்குச் சேரும், ஆக கிட்டத்தட்ட 31. 30இல் வைத்தபோது க்ளிக் கேட்டது, 32இல் கேட்கவில்லை. இந்த விலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி வேலைக்கு வருகிறேன். முன்பு ஒரு கராஜில் ஹெட் இறக்கிப் பூட்டியதிலிருந்தே வண்டியில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு கொழும்பில் பழைய காரை விற்று வேறு வாங்கும் யோசனையே பலருக்கு இல்லாமல் போனது. 2025இல் திறந்தார்கள்தான், விலையைக் கேட்டால் பழையதையே திருத்தலாம் என்றுதான் தோன்றும். எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் மெக்கானிக் பாஸிடம் விட்டேன். கை சுத்தமான மனிதர், அனுபவசாலி. டோர்க் ரென்ச் மட்டும் பிடிக்காது. "கைக்குத் தெரியும் தம்பி."

சரி, முதல் சுற்றை நீங்களே கையால் இறுக்குங்கள், நான் பின்னால் பார்க்கிறேன் என்றேன். ஹெட்டில் பத்து போல்ட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசை பிசகாமல் இறுக்கினார். பிறகு நான் ரென்ச்சை 29இல் வைத்துத் தொட்டேன். முன்வரிசையில் எல்லாமே அசையாமல் க்ளிக் என்றன. பின்வரிசையில், காரின் உட்சுவரை ஒட்டிய பக்கம், இரண்டு போல்ட் கால் சுற்றுக்கு மேல் ஓடின. பாஸ் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் குனிஞ்சு இழுக்கணும், பலம் வராது." அவர் சொன்னது முழு உண்மை. கைக்குத் தெரிவது கை எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அசையாமல் க்ளிக் என்ற போல்ட்டும் 29இல் இருக்கிறது என்று அர்த்தமில்லை, 40இலும் இருக்கலாம். அதனால் பத்தையும் தளர்த்தி மறுபடி தொடங்கினோம். புரிக்கும் போல்ட் தலைக்கு அடியிலும் மெல்லிய எண்ணெய் தடவினோம். ஹெட் உட்காரும் என்ஜின் பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளைக் காற்றடித்துத் துடைத்தோம், ஏனென்றால் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது, ஹெட்டை அமுக்கிப் பிடிக்க மிஞ்சுவது ஒரு பங்குதான். காய்ந்த, துருப்பிடித்த புரியிலும் 29 வரும், க்ளிக்கும் கேட்கும், ஹெட் மட்டும் அமுங்கியிருக்காது. டொயோட்டா டோர்க்கை 29இல் நிறுத்திவிட்டு, மிச்சத்தை 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை என்று கோணத்தில் கொடுப்பது இதனால்தான். போல்ட் தலையின் முன்பக்கம் வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, இரண்டு திருப்பலும் முடிந்ததும் பத்துப் பொட்டும் பின்பக்கம் பார்க்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

அந்தக் கோணத் திருப்பலுக்கு இந்த ரென்ச்சை எடுக்கவேண்டாம். நீளக் கம்பிக் கைப்பிடி வேறாக வேண்டும். போல்ட் தளர்த்தவும் இதைப் பாவிக்கக்கூடாது. ஹெட் போல்ட்டுக்கான பன்னிரண்டு முனை 8 மில்லிமீட்டர் பிட்டும் பெட்டியில் வராது, தனியாகத்தான் வாங்கவேண்டும்.

குறைகள் உண்டு. அளவுக் கோடுகள் வெறும் பொறிப்பு, மை கிடையாது. கராஜின் மங்கல் வெளிச்சத்தில் கைப்பேசி விளக்கைப் பிடிக்காமல் வாசிக்க முடியாது. ராட்செட்டின் பற்கள் பெரியவை, இடுக்கில் கைப்பிடியை அகலமாக ஆட்டவேண்டியிருக்கிறது. திசை மாற்றும் சின்ன நெம்பு கை பட்டாலே புரண்டுவிடும். 30ஐ ஒட்டிய அளவில் க்ளிக் மெதுவாகத்தான் வரும். பக்கத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்தால் காதை நம்பாதீர்கள், உள்ளங்கையில் வரும் உதறலைக் கவனியுங்கள். உதறியதும் நிறுத்தவேண்டும். நம்மவர்கள் பாதுகாப்புக்கு இன்னொரு க்ளிக் கொடுப்பார்கள், அது பாதுகாப்பல்ல, கூடுதல் முறுக்கு. பெட்டியின் கொக்கி ஏற்கெனவே உடைந்துவிட்டது, ரப்பர் பட்டி போட்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் 20க்குத் திருப்பி வைக்கவேண்டும், அதற்குக் கீழே இறக்கக்கூடாது. சக்கர நட்டுக்கு டொயோட்டா சொல்லும் 103 இதிலேயே அடங்குகிறது, அதனால் பெரிய ரென்ச் இல்லையே என்ற கவலை எனக்கு இல்லை. வால்வ் கவருக்கு வேண்டிய 10 மட்டும் இதில் வராது. அதற்கு 5 முதல் 25 வரை உள்ள கால் இஞ்ச் ரென்ச்சை அதே கடையில் போய் எடுத்தேன். இந்தமுறை நானா ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.