கட்டிக்கு ஓர் எண்: ஐசிடி-10-சிஎம்மோடு பத்து ஆண்டுகள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நோயாளிகளின் கட்டிகளுக்கு எண் போடுவது என் தொழில். மெடிக்கல் கோடிங் என்றால் கணினி நிரல் எழுதுவது என்றே உறவினர்கள் இன்னும் நினைக்கிறார்கள், திருத்தி அலுத்துவிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் தரும் பட்டியல்தான் ஐசிடி. 2013-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் பழைய பதிப்பான ஐசிடி-9 புழக்கத்தில் இருந்தது. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியது. அன்று முதல் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை சார்ட்டுகளைத்தான், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்புகளைத்தான், பார்க்கிறேன். அவற்றில் அடிக்கடி வருபவை கொழுப்பு, தசை போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோயல்லாத கட்டிகள். அந்தப் பகுதியைப் பயன்படுத்திய அனுபவம் மட்டும் இங்கே.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐசிடி-9-இல் தோலடிக் கொழுப்புக் கட்டி (லிப்போமா) முகத்தில் இருந்தால் 214.0, முதுகோ தொடையோ, மற்ற எங்கே இருந்தாலும் 214.1. இப்போது தலை, முகம், கழுத்துக்கு டி17.0, உடற்பகுதிக்கு டி17.1, வலது கைக்கு டி17.21, இடது கைக்கு டி17.22, கால்களுக்கு டி17.23, டி17.24. அதே நோயாளி ஆறு மாதம் கழித்து மற்றக் கையில் கட்டியோடு வந்தால், இது பழைய கட்டிக்கு இரண்டாம் முறை போட்ட பில் அல்ல என்பதை எண்ணே சொல்லிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே மாறியது நல்லது என்பேன்.

ஆனால் வலமா இடமா என்று பக்கத்தைக் கேட்கிற இந்தத் தொகுதி, கட்டியின் ஆழத்தில் தடுமாறுகிறது. மேலே சொன்ன எண்கள் எல்லாவற்றின் தலைப்பிலும் 'தோல், தோலடித் திசு' என்று இருக்கும். கட்டி தசைக்குள் இருந்தால்? தொகுதியின் அகரவரிசைச் சுட்டியில் 'இன்ட்ராமஸ்குலர்' (தசைக்குள்) என்று தேடினால் 'லிப்போமாவைப் பார்' என்று வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. எங்கள் குழு பல நாள் வாதாடிவிட்டு 'பிற இடங்கள்' என்னும் டி17.79-இல் வந்து நின்றது. தலைப்பின் சொற்களை மதித்தால் அதுதான் சரி என்பது என் கட்சி. அங்கே போனதும் வலது, இடது எல்லாம் காணாமல் போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

நோய்க்கு ஐசிடி போல, செய்த சிகிச்சைக்கு எண் தரும் தனிப் பட்டியல் சிபிடி; அதில் கதையே வேறு. மேற்கையிலோ முழங்கைப் பகுதியிலோ தோலடிக் கட்டியை அகற்றினால், 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் 24075, 3 அல்லது அதற்கு மேல் என்றால் 24071. தசையுறைக்குக் கீழே என்றால் எல்லை 5 செ.மீ.; குறைவுக்கு 24076, மற்றதற்கு 24073. கட்டியைச் சுற்றி வெட்டியெடுத்த விளிம்பும் அளவில் சேரும். ஆக, மருத்துவர் எழுதும் ஒரே குறிப்பிலிருந்து பக்கம், ஆழம், அளவு மூன்றையும் நாங்கள் கறக்க வேண்டும். அவரோ 'லிப்போமா அகற்றப்பட்டது, நோயாளி நலம்' என்று இரண்டு வரியில் முடித்திருப்பார். நோயாளி நலம்தான், நாங்கள்தான் விளக்கம் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருப்போம்.

அடுத்தது பெயர்கள். கட்டி என்றதும் நேரே நியோபிளாசம் (புதுத்திசு வளர்ச்சி) அட்டவணைக்கு ஓடுகிறவர்கள் அடிபடுவது இங்கேதான். பயாப்சி அறிக்கையில் உள்ள பெயரை அகரவரிசையில் பார்த்துவிட்டே அட்டவணைக்குப் போக வேண்டும். பாதத்தில் நரம்பு தடித்து வரும் மார்ட்டன்ஸ் நியூரோமா பெயரில்தான் கட்டி; அதன் எண் நரம்பு நோய்களுக்குள் ஜி57.6-இல் இருக்கிறது. தசையுறைத் திசுவில் முடிச்சாக வரும் நோடுலர் ஃபேசைட்டிஸ் வேகமாக வளர்ந்து எல்லோரையும் பயமுறுத்தும், அதற்கு எம்72.4, தசை, எலும்பு அத்தியாயத்தில். மணிக்கட்டில் வரும் நீர்க்கட்டியான கேங்க்லியான் எம்67.4-க்குப் போய்விடும். நரம்பின் உறையில் வளரும் ஷ்வானோமா உண்மையான கட்டிதான், ஆனால் மென்திசுவுக்கான டி21-இல் சேராது, நரம்புக்கான டி36.1-இல் சேரும். டி21-இல் கைக்கு வலது, இடது உண்டு; டி36.12-இல் கிடையாது. ஏன் என்று பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெரிய சறுக்கலையும் சொல்ல வேண்டும். புறநோயாளி சார்ட் ஒன்றில் 'இடது தொடையில் கட்டி, அநேகமாக லிப்போமா' என்று இருந்தது. தயங்காமல் டி17.24 போட்டேன். நாங்கள் போடும் எண்களைச் சரிபார்க்கும் ஆடிட்டர் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார். புறநோயாளிக்கு 'அநேகமாக', 'சந்தேகம்' என்று எழுதியதை உறுதியான நோயாக எண்ணிடக் கூடாது, ஆர்22.42 என்று வெறும் வீக்கமாகவே விட வேண்டும். உள்நோயாளி வீடு திரும்பும்போது அதே சொல் இருந்தால் விதி தலைகீழ், நோய் இருப்பதாகவே எண்ணிடலாம். அந்த மாத மதிப்பெண் போனது போனதுதான்.

புதிதாக வருகிறவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். டி48-இன் தலைப்பில் உள்ள 'அன்சர்ட்டன்' (உறுதியற்ற) என்ற சொல்லைப் பார்த்து, மருத்துவருக்கு உறுதியில்லை என்று எண்ணி அதைப் போட்டுவிடுவார்கள். திசுவைப் பரிசோதித்த பிறகும் அது சாதுவா, கொடியதா என்று நோய்க்கூறு மருத்துவரால் சொல்ல முடியாதபோது வரும் எண் அது. மென்திசுவில் 'நியோபிளாசம்' என்பதற்கு மேல் எதுவும் எழுதாவிட்டால் டி49.2. இந்த வேறுபாட்டை நான் கற்பித்த ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவராவது குழப்பிக்கொண்டார்.

திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நார்த்திசுவில் வளரும் அரிய வகையான டெஸ்மாய்டு கட்டிகள் நெடுங்காலம் டி48.1 என்ற பொதுக் கூடையில் கிடந்தன. 2023 அக்டோபர் 1 முதல் அவற்றுக்கு டி48.110 தொடங்கி டி48.119 வரை இடவாரியாகப் பத்து எண்கள். அரிய நோய்க்கு அத்தனை எதற்கு என்று எங்கள் அறையில் சலித்துக்கொண்டார்கள். அரிய நோயை எண்ணிப் பார்க்கத்தானே தனி எண் வேண்டும்? தசைக்குள் இருக்கும் லிப்போமாவுக்கும் இந்தக் கவனிப்பு கிடைத்தால் ஐந்து நட்சத்திரம் தருவேன். இப்போதைக்கு நான்கு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை இடது முன்கையை நீட்டி, "கொழுப்புக் கட்டிதானே? உனக்குத்தான் தெரியுமே" என்றார். தொட்டால் வழுக்கி நகர்ந்தது. டி17.22 நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "டாக்டர் சொல்லும்வரை அது வெறும் ஆர்22.32 அத்தை, திங்கட்கிழமை போய்க் காட்டுங்கள்" என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.