கலீசியாவா, மின்யோவா? சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

மின்யோ ஆற்றின் வடகரையில் ஸ்பெயினின் கலீசியா, தென்கரையில் போர்ச்சுகலின் மின்யோ பகுதி. இரண்டும் அட்லாண்டிக் கடலோரம். இரண்டிலும் மழை, பச்சை, கருங்கல், அதோடு ஒரே திராட்சை. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, அடுத்த கோடையில் அத்தையோடு இந்தப் பக்கம் போக நினைக்கிறார். எந்தக் கரையில் தங்கலாம் என்று கேட்டார். சேலம் பக்கத்திலிருந்து கிளம்ப நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடல் உணவுக்காகவே போகிறீர்கள் என்றால் கலீசியாதான், யோசிக்கவே வேண்டாம். அங்கே கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து நிற்கிறது. இந்த நீர்ப்பரப்புகளுக்கு ரியா என்று பெயர். கோடையில் வீசும் வடகாற்று மேல் தண்ணீரைத் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் மேலே வருகிறது. அதனால் சிப்பிகள் கொழுத்து வளர்கின்றன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மர மிதவைகள் அந்த ரியாக்களில் நிற்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் கயிறுகள் தொங்குகின்றன, கயிறு முழுக்கச் சிப்பி. அரோசா ரியாவின் கரையில் நின்று பார்த்தால் மிதவைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஆக்டோபஸைச் செப்புக் கொப்பரையில் வேகவைத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, மரத்தட்டில் வைத்து, ஆலிவ் எண்ணெயும் கல்லுப்பும் சிவப்பு மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். மசாலா அவ்வளவுதான். அலை மோதும் பாறைகளில் ஒட்டி வளரும் பெர்செபேஸ் என்ற கடல் உயிரினத்தையும் ருசித்துப் பார்க்க வேண்டும். அதைச் சுரண்டி எடுப்பவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் எடுக்கிறார்கள். விலை அதிகமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

மின்யோவில் கடல் உணவு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே என்னைக் கவர்வது சோறு. ஐரோப்பாவிலேயே ஆளுக்கு அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுகல்காரர்கள். இறால், நண்டு, சிப்பி போட்டுச் சாறு தளும்பத் தளும்பச் சட்டியோடு வரும் சோறு நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகிறது. நாலு நாள் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகப் போனால் வயிறு சோறு கேட்கும், அத்தைக்கு நிச்சயம் கேட்கும். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்துச் செய்யும் பக்கல்யாவ், கருவாட்டுப் பிரியர்களுக்குப் புது ருசி. காரம் போதவில்லை என்றால் பல கடைகளில் பிரிபிரி மிளகாய் எண்ணெய் கேட்டு வாங்கலாம். கலீசியாவில் அந்த வழக்கம் குறைவு. பாத்ரோன் ஊரின் குட்டிப் பச்சை மிளகாயை வறுத்துத் தருவார்கள், அதில் எப்போதோ ஒன்றுதான் உறைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு கரையிலும் சிரமம்தான். கீரைச் சூப் என்று நம்பி வாங்கினால் உள்ளே பன்றிக் கொழுப்போ தொத்திறைச்சித் துண்டோ இருக்கும். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஒயின் விஷயத்தில் மாமாவுக்கு ஆர்வம் அதிகம், அவர் விவசாயி என்பதால் கொடியையே பார்க்க விரும்புகிறார். கலீசியாவில் அல்பரின்யோ என்றும் தென்கரையில் அல்வரின்யோ என்றும் சொல்லப்படுவது ஒரே வெள்ளைத் திராட்சை. கலீசியாவின் ரியாஸ் பைஷாஸ் ஒயின் பகுதி 1988-இல் சட்டப்படி வரையறுக்கப்பட்டது. அங்கே கருங்கல் தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் கட்டிக் கொடியை ஏற்றுகிறார்கள். மழை மண்ணில் பூஞ்சை நோய் வரும், கீழே காற்று ஓடினால் குலை சீக்கிரம் காயும். தென்கரையில் விஞ்யோ வெர்தே பகுதி 1908-லேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. அங்கே பழைய முறை இன்னும் சுவாரஸ்யம்: வயல் ஓரத்து மரங்களில் கொடியை ஏற்றிவிட்டு, நடுவில் மக்காச்சோளமும் கோஸும் போடுவார்கள். சில்வர் ஓக்கில் மிளகும் நிழலில் காபியுமாக இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டம் போலவே நிலத்தை அடுக்கடுக்காகப் பயன்படுத்தும் யோசனை அது. இப்போது பெரும்பாலான தோட்டங்கள் தாழ்ந்த கம்பி வரிசைக்கு மாறிவிட்டன, பழைய முறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

குடிக்கும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கலீசியாவின் அல்பரின்யோ கனமாக, எலுமிச்சையும் பீச்சும் கலந்த வாசனையோடு, லேசான உப்புச் சாயலோடு இருக்கும். சாதாரண விஞ்யோ வெர்தே லேசானது, போதை குறைவு, நாக்கில் சின்னதாகப் பொரியும். சிப்பிக்கு முதலாவது, மதிய வெயிலுக்கு இரண்டாவது என்பது என் தேர்வு. தென்கரையிலும் கனமான ஒயின் வேண்டுமென்றால் மொன்சாவ், மெல்காசோ பக்கம் போக வேண்டும்.

அப்புறம் கடிகாரம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் மாறும், ஸ்பெயின் முன்னால் ஓடுகிறது. அதனால் ஜூன் மாதம் கலீசியாவில் சூரியன் மறையவே இரவு பத்து தாண்டிவிடும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் பெரியவர்களோடு போனால் இது உண்மையான தொல்லை. தென்கரையில் ஏழரை, எட்டுக்கே இலை போட்டுவிடுவார்கள். செலவும் அங்கே பொதுவாகக் குறைவு. ஆனால் உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கும் ரொட்டி, ஆலிவ், சீஸுக்குக் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம்.

எனவே மாமாவிடம் சொன்னது: அத்தையோடு போவதால் தென்கரையில், வியானா தோ கஸ்தேலோ ஊரில் தங்குங்கள், போர்ட்டோவிலிருந்து ரயில் இருக்கிறது. அல்பரின்யோ ஒயின் ஊரான கம்பாதோஸுக்கும் சிப்பிக்கும் இரண்டு மூன்று நாள் கலீசியாவின் விகோ நகரம் போய்த் தங்குங்கள், போர்ட்டோ – விகோ ரயில் வியானா வழியாகத்தான் போகிறது. நண்பர்கள் மட்டும் போவதாக இருந்தால் இதை அப்படியே திருப்பிப் போடுவேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறை ஒட்டி கம்பாதோஸில் அல்பரின்யோ திருவிழா நடக்கும், அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம். அக்டோபருக்குப் பிறகு போனால் மழையில் அறைக்குள் உட்கார வேண்டிவரும்.

விசா எடுக்கும்போது கவனம். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. அறை பதிவையும் விமானச் சீட்டையும் அதற்கேற்ப முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.