பக்கெட் நின்றால் எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள்: பழைய பேக்ஹோ வண்டியோடு பத்து வருட அனுபவம்

2007 மாடல் பேக்ஹோ லோடர். 2015 ஆவணியில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அன்றைக்கு எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 9,100 மணி நேரம் காட்டியது. இன்றைக்கு 17,600ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி வரைக்கும் பண்ணைக்குட்டை, அஸ்திவாரம், பைப் லைன் பள்ளம், ஏரி வண்டல் என்று பார்க்காத வேலை இல்லை. எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி வண்டியானாலும் பேர் ஜேசிபிதான். நான் எழுதுவதும் எந்தக் கம்பெனிப் பழைய வண்டிக்கும் பொருந்தக்கூடியதுதான். பத்தாயிரம் மணி நேரம் உழைத்த இரும்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நோவு காணும்.

இந்தப் பத்து வருடத்தில் "வண்டியில பவரே இல்லீங்ணா" என்று ஆப்பரேட்டர் போன் செய்தது நான்கு முறை. நான்கு முறையும் வார்த்தை ஒன்றுதான், காரணம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. முதல் முறை அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் பம்பை மாற்றினேன். பம்பு, கூலி, புது எண்ணெய் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். வண்டி மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அது 2016 கோடை. சங்ககிரிப் பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வேலை. மேல்மண் நாலடி, அதற்குக் கீழே சுக்கான் பாறை. முந்தின நாள் வரை அதே சுக்கானை உடைத்த வண்டி, அன்றைக்குப் பல்லை வைத்ததும் நின்றுவிட்டது. பக்கெட் வெறும் காற்றில் நன்றாகத்தான் ஆடியது. பக்கெட்டைத் தாங்கும் பெரிய கையான பூம் வழக்கமான வேகத்தில் ஏறி இறங்கியது. மண்ணில் வைத்தால்தான் நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில், "பம்பு தேஞ்சு போச்சு, ஒன்பதாயிரம் மணி நேரம் ஆச்சில்ல" என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பம்பு மாற்றியும் சரியாகாமல், போர்வெல் வண்டி மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தேன். திருச்செங்கோட்டில் இருப்பதில் எங்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு. இங்கிருந்து ரிக் வண்டிகள் இந்தியா பூராவும் போகின்றன. அதனால் ஹைட்ராலிக் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. படியில் ஏறி நின்றுகொண்டு, "பள்ளத்துல வெச்சு இழு தம்பி" என்றார். பக்கெட் நின்றது. லீவரை விடாமல் பிடிக்கச் சொன்னார். ஐந்து விநாடி போலக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எஞ்சின் சத்தம் மாறுச்சுங்களா?" என்றார்.

மாறவில்லை. பக்கெட் கல்லில் முட்டி நிற்கிறது, எஞ்சின் சும்மா ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை நானும் ஆப்பரேட்டரும் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். காதில் விழுந்தும் மனதில் பதியவில்லை.

அவர் சொன்ன கணக்கு இதுதான். பம்பு கொடுப்பது எண்ணெயின் ஓட்டம் மட்டும். அழுத்தம் என்பது அந்த ஓட்டத்தை எதிரே ஒன்று மறிக்கும்போது பிறப்பது. பக்கெட் கல்லில் முட்டினால் அழுத்தம் ஏற வேண்டும், அழுத்தம் ஏறினால் எஞ்சினுக்குச் சுமை ஏறி முனக வேண்டும். முனகாவிட்டால் அழுத்தம் எங்கேயோ வழிவிட்டு ஓடுகிறது என்று பொருள். எஞ்சின் நன்றாக முனகி, ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) விழுந்து, கரும்புகையோடு திணறினால் ஹைட்ராலிக் தன் வேலையைச் செய்கிறது, எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: "மெதுவா வருதா, பலமில்லாம வருதா, அதைப் பிரிச்சுச் சொல்லுங்க." மெதுவாக வந்தால் ஓட்டம் குறைவு. வேகமாக வந்து முட்டியதும் நின்றால் அழுத்தம் குறைவு. என் வண்டி இரண்டாவது ரகம்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினார். 1,200 ஆர்பிஎம்மில் 1,900 பிஎஸ்ஐ (அழுத்த அளவு). 2,000 ஆர்பிஎம்மில் அதே 1,900. ஒரு மணி நேரம் வேலை வாங்கி எண்ணெய் சூடான பிறகும் முள் அதே இடத்தில். என் வண்டி மேனுவலில் இருப்பது 3,000ஐ ஒட்டி. பம்பு தேய்ந்திருந்தால் எண்ணெய் சூடாகி நீர்த்ததும் முள் இறங்கியிருக்கும், ஆர்பிஎம் ஏற்றினால் கொஞ்சம் ஏறியிருக்கும். எப்போது பார்த்தாலும் ஒரே எண் என்றால் அந்த எண்ணில் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது என்று அர்த்தம். அழுத்தம் அளவு மீறினால் திறந்து எண்ணெயை டேங்குக்கு விடுகிற மெயின் ரிலீஃப் வால்வைக் கழற்றி, டீசலில் அலசி, துணியில் தட்டினார். உள்ளே ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்திருந்தது. ஒரு துண்டின் சுருள் இன்னொரு துண்டின் சுருளுக்குள் திருகி ஏறிக்கொண்டு, பார்வைக்கு முழு ஸ்பிரிங் போலவே நின்றது. கையில் எடுத்துத் திருப்பியபோதுதான் பிரிந்து வந்தது. புது வால்வு போட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டே 2,950க்கு வைத்தார். பத்து நிமிடத்தில் சுக்கான் மறுபடி உடைய ஆரம்பித்தது.

அந்த ஸ்பிரிங் துண்டுகள் இரண்டும் இன்னும் என் டூல் பாக்ஸில் இருக்கின்றன. கழற்றிய பழைய பம்பையும் பிரித்துப் பார்த்தோம், இன்னும் பல வருடம் ஓடியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பலம் குறைந்தால் ரிலீஃப் ஸ்க்ரூவை ஒரு சுற்று முறுக்கிவிடுகிற பழக்கம் ஆப்பரேட்டர்களிடம் இருக்கிறது. கேஜ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஹோஸ் வெடிப்பதும், சிலிண்டர் ராடு வளைவதும், பம்பு ஹவுசிங் விரிசல் விடுவதும் அப்படித்தான்.

இரண்டாவது முறை 2018. இந்த முறை நோவு வேறு மாதிரி. காலை எட்டு மணிக்குக் குதிரை போல வேலை செய்யும். பதினோரு மணிக்கு மேல் எல்லாமே மெதுவாகிவிடும், பம்பு பக்கமிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வரும். பலம் இருக்கிறது, வேகம்தான் இல்லை. அப்படியானால் ஓட்டம் குறைவு. முதலில் ஆயில் கூலரைப் பார்த்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் நெல் தூசும் மண்ணும் அப்பிப் போய்க் கிடந்தது. ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. அடுத்து, டேங்கில் எண்ணெய் நுரை கட்டுகிறதா என்று பார்த்தேன். பம்பு எண்ணெய் இழுக்கிற சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காற்று இழுத்தால் எண்ணெய் பால் போல வெளுக்கும். கிளாம்ப் மேல் கிரீஸ் அப்பினால் சத்தம் சட்டென்று மாறும், அதுவே சோதனை. இங்கே நுரையும் இல்லை, கிரீஸும் எதையும் மாற்றவில்லை.

கடைசியில் டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற சக்‌ஷன் ஹோஸையே கழற்றினேன். வெளியே புதிது போல இருந்தது. உள்ளே விரலை விட்டால் ஒரு பக்கம் ரப்பர் உரிந்து நாக்கு போலத் தொங்கியது. குளிர்ந்த நேரத்தில் அது விறைப்பாகச் சுவரோடு ஒட்டி நிற்கும். சூடானதும் துவண்டு, பம்பு இழுக்கிற இழுப்பில் எழும்பி வழியை மறைக்கும். புது ஹோஸ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் மற்ற ஹோஸ்களைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு ஹோஸைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். அழுத்தம் இல்லாத ஹோஸ், அதனால் வெடிக்காது. வெடிக்காததால் யாரும் அதை நினைப்பதில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 2021, ஏரி வண்டல் அள்ளுகிற வேலை, டிப்பர்கள் வரிசையில் நிற்கின்றன. வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு லோடு கொடுத்தால் எஞ்சின் அமுங்கும், சில சமயம் நின்றே போகும். பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். புகை இல்லை, கரும்புகையும் இல்லை, வெண்புகையும் இல்லை.

புகைதான் இங்கே துப்பு. எஞ்சினுக்கு டீசல் போய்க் காற்று பற்றாவிட்டால் கரும்புகை வரும். அப்போது ஏர் கிளீனரையும் டர்போவிலிருந்து வருகிற ஹோஸையும் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் அமுங்கினால் டீசல் வந்து சேரவில்லை. கணக்காகப் பார்த்தாலும் தெரியும். நிமிடத்துக்கு 100 லிட்டர் எண்ணெயை 200 பார் (சுமார் 2,900 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் தள்ள 33 கிலோவாட் வேண்டும், அதாவது 45 குதிரைத்திறன். பம்பில் போகிற இழப்பைச் சேர்த்தாலும் 50ஐச் சுற்றித்தான் வரும். என் எஞ்சின் 76 குதிரைத்திறன். பக்கெட் இழுப்புக்கு மட்டும் அது சாகக் கூடாது.

ஃபில்டர் இரண்டும் மாற்றினேன். வாட்டர் செப்பரேட்டரை வடித்தேன். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பின் டயாஃப்ரம் மாற்றினேன். டீசல் குழாய்களைப் பூட்டும் பேன்ஜோ போல்ட்டுகளைக் கழற்றி ஊதினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. டீசல் பம்பைக் கழற்றி சேலத்துக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். 46,000 ரூபாய் நினைவுக்கு வந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கேபினுக்குப் பக்கத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, நேராகக் கேனிலிருந்து ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்தேன். குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்துவிட்டு ஓட்டினால், கேனை நிரப்பி நிரப்பி மாலை வரை ஒரு திணறல் இல்லை.

அப்படியானால் குற்றம் டேங்குக்குள்தான். டீசலை முழுக்க வடித்துவிட்டு டார்ச் அடித்தோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பாலிதீன் துண்டு, கண்ணாடி போல, டீசலில் ஊறிக் கண்ணுக்கே தெரியாமல். எஞ்சின் இழுக்க இழுக்க அது மிதந்து போய் உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு விட்டு மெல்ல விலகிப் போகும். அதனால்தான் அந்தப் பத்து நிமிட ஓய்வு வேலை செய்தது. சைட்டுக்குக் கேனில் டீசல் கொண்டுபோகும்போது மூடி கசியாமல் இருக்க கேரி பேக்கை மடித்து வைத்து இறுக்குவோம். அதில் ஒரு துண்டு கிழிந்து விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் கேன்களுக்கு ரப்பர் வாஷர்தான், ஊற்றும் புனலில் கம்பி வலையும் உண்டு.

நான்காவது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எல்லாமே மெதுவு, எஞ்சினும் உட்பட. ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிவிட்டு டீசல் பம்ப் லீவரைப் பார்த்தேன், லீவர் கடைசி வரை போய் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் நீண்டிருந்தது, பெடலுக்கு அடியில் காய்ந்த மண்ணும் ஒரு விரல் தடிமன். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை.

ஏர் கிளீனர் பற்றிக் கொஞ்சம். வெளி எலிமென்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், அதுவும் குறைந்த காற்றில், உள்ளிருந்து வெளியே. உள்ளே இருக்கிற சின்ன எலிமென்டை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். நாசில் வைத்து அருகில் ஊதினால் பேப்பரில் துளை விழும். அதன் வழியாகப் போகிற தூசு பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். அந்தப் பவர் குறைவுக்கு எஞ்சின் இறக்குவதைத் தவிர மருந்து கிடையாது.

ஹோஸ் கசிவைத் தேடுகிறவர்கள் கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். தம்பிகளே, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஊசிமுனைத் துளையிலிருந்து 3,000 பிஎஸ்ஐயில் வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வலி கூட உடனே வராது. சில மணி நேரத்தில் விரல் கருத்துப் போகும். அன்றைக்கே அறுவை சிகிச்சை ஆகாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். எங்கள் பக்கத்து ஊர் ஆப்பரேட்டர் ஒருவருக்குக் கட்டைவிரல் பாதிதான் இருக்கிறது. அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், கசிந்தால் ஈரம் தெரியும். ஹோஸ் கழற்றும் முன் பக்கெட்டையும் பூமையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிடுங்கள். தூக்கிய பூமுக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில் சொல்லிவிட்டுப் போனால் வண்டியைச் சூடாக்கி வைத்திருப்பார்கள், ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. சொல்லாமல் போய்க் குளிர்ந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டு மணி நேரமாவது வேலை வாங்குங்கள். ஹைட்ராலிக்கின் வயது சூட்டில்தான் வெளியே வரும். கெட்டி மண்ணில் பக்கெட்டை நிறுத்தி, சத்தத்தைக் கேளுங்கள். கேஜ் மாட்ட விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது என் வண்டியில் இருக்கிற குறை, பூம் தானாக இறங்குவது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விட்டால் போன வருடம் இரண்டு அங்குலம் இறங்கியது, இந்த வருடம் ஐந்து. எல்லோரும் சிலிண்டர் சீல் என்கிறார்கள். கண்ட்ரோல் வால்வுக்குள் நகர்கிற ஸ்பூல் தேய்ந்தாலும் இப்படித்தான் இறங்கும். சீல் கிட் வாங்கி வைத்துவிட்டேன், ஆனால் கவரைப் பிரிக்கவில்லை. ஐப்பசி மழையில் வேலை நிற்கும்போது பூமைத் தரையில் படுக்க வைத்து, சிலிண்டரை ஒரு முனைக்குக் கொண்டுபோய், மறுபக்க ஹோஸைக் கழற்றி, அதே பக்கம் அழுத்தம் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். திறந்த வாயில் எண்ணெய் கொட்டினால் சீல். கொட்டாவிட்டால் கிட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வால்வைத் திறக்க வேண்டும்.