புது சைக்கிளா, பழைய சைக்கிளுக்குச் சாமான்களா? அலுவலகத் திட்டத்தில் ஒரு கணக்கு

என் சைக்கிளுக்கு வயது பதினொன்று. எஃகு ஃபிரேம், பச்சை பெயிண்ட் அங்கங்கே உரிந்திருக்கும். தெற்கு லண்டனில் குரோய்டன் பக்கம் இருக்கும் என் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஐந்தரை மைல், ஒன்பது வருஷமாக அதில்தான் போய் வருகிறேன். போன வருஷம் செயின் தேய்ந்தது, இரண்டு டயரிலும் வெடிப்பு விட்டது, மட்கார்டு ஒன்று வழியிலேயே கழன்று விழுந்தது. பக்கத்து இருக்கை நண்பர் அப்போதுதான் அலுவலகத்தின் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டத்தில் புது சைக்கிள் எடுத்திருந்தார். “வரியெல்லாம் மிச்சமாகும், நீங்களும் மாத்திடுங்க” என்றார். நானும் அதே திட்டத்தில்தான் சேர்ந்தேன், ஆனால் சைக்கிள் வாங்கவில்லை. சாமான்கள் மட்டும் வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களுக்காக இந்தக் கணக்கு.

திட்டம் பிரிட்டனில் 1999 முதல் இருக்கிறது, பலருக்கும் தெரியும். பொருளை நிறுவனம் வாங்கி நமக்கு வாடகைக்குத் தருகிறது. வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கிறது. அடிப்படை வரிக்காரருக்கு வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்பீடு 8 சதவீதம், ஆக 28 சதவீதம் மிச்சம். பிடித்தம் போக மீதிச் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. சுயதொழில் செய்பவர்களுக்கு இது இல்லை.

பலருக்குத் தெரியாதது, சைக்கிளே வாங்காமல் சாமான்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம் என்பது. சட்டம் பேசுவது ‘சைக்கிளும் சைக்கிள் ஓட்டுபவரின் பாதுகாப்புச் சாமான்களும்’ பற்றி. எது பாதுகாப்புச் சாமான் என்று சட்டம் வரையறுக்கவில்லை, போக்குவரத்துத் துறையின் வழிகாட்டி ஒரு பட்டியல் தருகிறது. ஹெல்மெட், மணி, விளக்கு, டைனமோ, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி, மட்கார்டு, கேரியர், அதில் மாட்டும் பைகள், பூட்டு, பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், சின்னப் பழுதுக்கான கருவிகள், ஒளி திருப்பும் உடைகள் எல்லாம் அதில் உண்டு. சாமான்கள் மட்டும் எடுக்க உங்கள் நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் வேலை சம்பந்தமான பயணமாக இருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாதது செயின், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி), டயர், பிரேக் கட்டை. அதாவது எனக்கு உடனே தேவைப்பட்ட அத்தனையும். கடையில் கேட்டுப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மணி அடிப்பது பாதுகாப்பாம், பிரேக் பிடிப்பது உதிரிபாகமாம்! பில்லில் ‘பாதுகாப்புச் சாமான்’ என்று பொதுவாக எழுதி டயரையும் உள்ளே தள்ளிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. முப்பத்தைந்து பவுண்டு டயருக்காக நிறுவனத்தின் வரிக் கணக்கில் பொய் சேர்க்க எனக்கு மனசில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் புது சைக்கிளுக்குச் சாய்கிறார்கள். உதிரிபாகத்துக்குத் திட்டம் காசு தராது, முழு சைக்கிளுக்குத் தரும், அப்படியென்றால் முழுசாக மாற்றிவிடலாமே என்கிற நினைப்பு. எனக்கும் ஒரு வாரம் அதே நினைப்புதான். பிறகு காகிதம் எடுத்து உட்கார்ந்தேன்.

எனக்கு வேண்டிய சாமான்கள்: பூட்டு 75 பவுண்டு, மட்கார்டு ஜோடி 45, கேரியர் 40, பைகள் 90, முன்பின் விளக்கு 60. மொத்தம் 310. வரியில் 28 சதவீதம் போனால் என் கையிலிருந்து 223.20, மாதம் 18.60 வீதம் பன்னிரண்டு மாதம். கடைசியில் பொருள் நம்முடையதாக ஒரு தொகை கட்ட வேண்டும், அது 9.30. ஆக 232.50. கைக்காசில் வாங்கிய உதிரிபாகங்கள்: செயின் 25, கேசட் 35, டயர் இரண்டு 70, பிரேக் கட்டை 20, மாட்டும் கூலி 60. அது 210. எல்லாம் சேர்த்து 442.50 பவுண்டு.

அதே சாமான்களோடு 690 பவுண்டுக்கு ஒரு புது சைக்கிள் எடுத்திருந்தால் மொத்தம் 1000. எங்கள் நிறுவனத்தில் உச்சவரம்பும் அதுவே (2019க்குப் பிறகு கூட்டிக்கொள்ள வழி இருந்தும் பழைய வரம்பையே வைத்திருக்கிறார்கள்). வரி 280 மிச்சம், கடைசித் தொகை 70, ஆக 790 பவுண்டு போகும். நிகர லாபம் 210. பழைய சைக்கிளைச் சரிபார்க்க நான் செலவழித்ததும் 210! அந்த 210ஐ ‘மிச்சம் பிடிக்க’ 347.50 பவுண்டு கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.

அந்தக் கடைசித் தொகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், முழு லாபமும் அதில்தான் தொங்குகிறது. பன்னிரண்டு மாதம் முடிந்தவுடனே பொருளைச் சொந்தமாக்கினால், வரித்துறையின் அட்டவணைப்படி 500 பவுண்டுக்குக் கீழ் வாங்கியதற்கு முதல் விலையில் 18 சதவீதம் மதிப்பு, 500ம் அதற்கு மேலும் 25 சதவீதம். 28ல் 25 போனால் என்ன மிஞ்சும்? ஆயிரம் பவுண்டு சைக்கிளுக்கு முப்பது பவுண்டு. அதனால்தான் வாடகையை மாதப் பணம் இல்லாமல் நான்கு வருஷம் வரை நீட்டிக்கும் ஏற்பாட்டைத் திட்டம் நடத்தும் நிறுவனங்கள் தருகின்றன. நான்காம் வருஷத்தில் அந்த மதிப்பு 3 சதவீதமாகவும் 7 சதவீதமாகவும் இறங்கிவிடும். என் 9.30ம், புது சைக்கிளின் 70ம் அப்படி வந்தவை. ‘42 சதவீதம் வரை மிச்சம்’ என்று சுவரொட்டி சொல்வது உயர்வரிக்காரர் கணக்கு, அதுவும் இந்தத் தொகையைக் கழிக்காமல்.

நண்பரோடு நான் ஒத்துப்போகாத இடம் பராமரிப்பு. புது சைக்கிள் என்றால் செலவில்லை என்று அவர் நினைத்தார். லண்டன் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். மழையும் உப்பும் மணலும் சேர்ந்து செயினை அரைத்துவிடும், அது பதினொரு வருஷத்து செயினா போன மாதத்து செயினா என்று பார்ப்பதில்லை. அவர் மட்கார்டு போடவில்லை, பார்க்க நன்றாக இல்லையாம். மார்ச்சில் செயின் மாற்றினார், கைக்காசில். எந்தப் பக்கம் போனாலும் தேய்கிற பொருளுக்குத் திட்டம் காசு தராது, தேயாத பொருளுக்குத்தான் தரும். அதனால் தேயாத பூட்டு, கேரியர், மட்கார்டு மூன்றையும் நல்ல தரத்தில் திட்டத்தில் எடுத்துவிட்டு, தேய்வதைக் காசு கொடுத்து வாங்கினேன். செயின் அளக்கும் சின்னக் கருவி ஒன்று பத்து பவுண்டுக்குள் கிடைக்கும். செயின் முக்கால் சதவீதம் நீள்வதற்குள் மாற்றிவிட்டால் கேசட் பிழைக்கும். என் கேசட் பிழைக்காததற்குக் காரணம் நான் அளக்காததுதான்.

இன்னொன்று, வாடகைக் காலம் முழுக்கப் பொருள் நம்முடையது அல்ல. நடுவில் விற்க முடியாது, திருடு போனாலும் பிடித்தம் நிற்காது. வேலையை விட்டால் பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் வரி போன பிறகுதான் எடுப்பார்கள். பாக்கி நூறு பவுண்டு என்றால் தாங்கலாம், எழுநூறு என்றால் யோசிக்க வேண்டும். வெளியே நாளெல்லாம் கட்டி வைக்கும் வண்டி உரிந்த பச்சையாக இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு.

எல்லாவற்றையும் திட்டத்தில் எடுப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. கடைக்காரர் திட்டம் நடத்துபவருக்குக் கமிஷன் கொடுக்கிறார், அதனால் தள்ளுபடிப் பொருளைப் பல கடைகளில் இதில் தரமாட்டார்கள். என் நிகர லாபம் சரியாகக் கால் பங்கு. கால் பங்குக்கு மேல் தள்ளுபடி கிடைத்தால் கைக்காசே மேல். மழைக்கோட்டு ஜனவரியில் நாற்பது சதவீதத் தள்ளுபடியில் கிடைத்தது, அப்படியே வாங்கிவிட்டேன். ஹெல்மெட்டுக்கு பிரிட்டனில் வாட் வரியே கிடையாது, அதை எப்படி வாங்கினாலும் அந்தச் சலுகை உண்டு.

சைக்கிளே இல்லாதவருக்கு, அல்லது சைக்கிள் ஃபிரேமில் விரிசல் விட்டவருக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் புதிதாக எடுக்கட்டும். உயர்வரி கட்டுபவருக்கு 7 சதவீதம் போனாலும் 35 மிஞ்சும், அவருக்குத் தராசு வேறு பக்கம் சாயலாம். மின்சார சைக்கிள் நான் ஓட்டியதே இல்லை. இரண்டாயிரம் பவுண்டு வண்டி பேருந்துச் செலவை எப்படி ஈடுகட்டும் என்பதை ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

சாமான்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் செப்டம்பரிலேயே போடுங்கள். எனக்கு அனுமதி வந்து, கடையில் கொடுக்க வேண்டிய வவுச்சர் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும், அலுவலகம் விடும்போது இருட்டிவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் இருட்டில் ஓட்டுவது சட்டப்படியே தப்பு.