வெளிநாட்டுப் பயணத்தில் லென்ஸ்: வரி கழித்த புதிதா, செகண்ட் ஹேண்டா, தேர்ட் பார்ட்டியா?

வெளிநாடு போகிற நேரத்தில் லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வரி எவ்வளவு திரும்ப வரும் என்பதைத்தான். பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது அது இயல்புதான். ஆனால் பெரிய மிச்சம் வரியில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நல்ல செகண்ட் ஹேண்ட் கடையில் லென்ஸை நம் கேமராவிலேயே மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்து வாங்க முடிகிறதே, மிச்சம் அங்கேதான் இருக்கிறது. இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது விளங்கும்.

புதிய லென்ஸ், வரி கழிவோடு

முதலில் சதவீதக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஜெர்மனியில் மதிப்புக்கூட்டு வரி 19%. அதற்காக விலைச்சீட்டில் உள்ள தொகையில் 19% திரும்பி வராது. வரி சேர்ந்த விலை 119 என்றால் அதில் வரி 19, அதாவது சுமார் 16%. பணத்தைத் திருப்பித் தரும் இடைநிலை நிறுவனம் அதிலும் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஜப்பானில் வரி 10%, விலைச்சீட்டில் பார்த்தால் 9% சொச்சம். சிங்கப்பூரில் 2024 முதல் வரி 9%, கையில் வருவது 8 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கலாம். ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது, ஆகவே திரும்பப் பெறவும் ஒன்றுமில்லை. பிரிட்டன் 2021 தொடக்கத்தில் பயணிகளுக்கான இந்தச் சலுகையை நிறுத்திவிட்டது (வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு). அமெரிக்காவில் விலைச்சீட்டில் வரி இருக்காது, பில் போடும்போதுதான் சேரும். பெரும்பாலான மாநிலங்களில் பயணிகளுக்கு அது திரும்ப வராது. ஆரிகன், டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை.

இந்தச் சில சதவீத மிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் வாரண்டி நிற்கிறது. லென்ஸ் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். உலக அளவில் செல்லுமா என்று அந்த பிராண்டின் வாரண்டி அட்டையில் படித்துப் பார்க்க வேண்டும், விற்பவர் வாய்வார்த்தை போதாது. இன்றைய லென்ஸுக்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர், சர்க்யூட் போர்டு எல்லாம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று போனால் பழுதுச் செலவு மிச்சம் பிடித்த தொகையை எளிதில் தாண்டிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரி திரும்ப வேண்டுமென்றால் பொருள் பயன்படுத்தப்படாமல் வெளியே போக வேண்டும் என்று சுங்க அதிகாரிகள் எதிர்பார்ப்பார்கள். பயணத்தின் முதல் நாளே வாங்கி மாட்டி ஊரெல்லாம் படம் எடுத்தால் அந்தப் பணம் கேள்விக்குறி. கடைசி நாளில் வாங்கினால் சோதித்துப் பார்க்க நேரமில்லை. எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஜப்பானில் அந்தத் தொல்லை இல்லை. லென்ஸ் போன்ற பொதுப் பொருட்களை வாங்கிய அன்றே பிரித்துப் பயன்படுத்தலாம், நாட்டை விட்டு எடுத்துப் போனால் போதும். வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 2026 அக்டோபர் வரை கடையிலேயே வரியைக் கழித்துக்கொள்வதுதான் முறை. 2026 நவம்பர் 1 முதல் முழு விலையையும் கட்டிவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறைக்கு அந்த நாடு மாறுகிறது. அதற்கேற்ப கையில் கூடுதல் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதியதிலேயே இரண்டு துணைவழிகள் உண்டு. ஒன்று, கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸைப் பிரித்து வெள்ளைப் பெட்டியில் விற்பது. லென்ஸ் புதியதுதான், கம்பெனிப் பெட்டி இருக்காது, விலை குறையும். இதை நான் தைரியமாகவே பரிந்துரைப்பேன், வாரண்டி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று கிரே மார்க்கெட், அதாவது வேறு நாட்டுக்கென்று போன சரக்கு. வெளிநாட்டில் வாங்கிய எந்த லென்ஸும் ஊர் திரும்பியதும் கிட்டத்தட்ட இதே நிலைக்கு வந்துவிடும் என்பதால் பயணிக்கு வித்தியாசம் குறைவு. சீரியல் எண் லென்ஸிலும் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடைகளில் லென்ஸ் வகை குறைவு, விலையை ஒப்பிட அக்கம்பக்கம் வேறு கடையும் இருக்காது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்

லென்ஸ் கேமராவைப் போல வேகமாகப் பழசாவதில்லை. எட்டு வருடத்துக்கு முந்தைய கேமரா சென்சாரில் பின்தங்கியிருக்கலாம், அதே வயதுள்ள லென்ஸ் இன்றும் அதே கூர்மையைத் தரும். விலை மட்டும் இறங்கியிருக்கும். புதிய தலைமுறை ஒன்று வந்தவுடன் பழையது இன்னும் இறங்கும். சோனியின் உயர்தர வரிசையான ஜிஎம்-மில் 24-70 எம்எம் ஜூம் லென்ஸுக்கு 2022-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பு 886 கிராம், இரண்டாவது 695 கிராம். எடை ஒரு பொருட்டில்லை என்பவருக்கு முதல் பதிப்பு செகண்ட் ஹேண்டில் அருமையான பேரம். இந்த மாதிரி விலைச் சரிவு வழக்கமாக வரிக் கழிவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

எந்த நாட்டில் என்று கேட்டால் நான் ஜப்பானைத்தான் முதலில் சொல்வேன். டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் நடக்கும் தூரத்திலேயே பல பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு லென்ஸுக்கும் தரவரிசை போட்டு, குறை என்ன என்று சீட்டில் எழுதியே வைக்கிறார்கள். கபி என்று இருந்தால் பூஞ்சை, குமோரி என்றால் உள்ளே மங்கல். ஜங்க் என்று பெட்டியில் போட்டு வைத்திருப்பவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது. வரியில்லா விற்பனைக்குப் பதிவு பெற்ற கடைகளில் பழைய பொருளுக்கும் வரிச் சலுகை கிடைக்கிறது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே பல கடைகள் பழைய பொருளை லாபத்துக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்கின்றன, பில்லில் வரி தனியாக இருக்காது, பயணிக்குப் பொதுவாக எதுவும் திரும்பாது. அதனால் ஐரோப்பாவில் பழையதை வாங்கும்போது சீட்டில் உள்ள விலையையே இறுதி விலையாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சோதிப்பதில் அவசரப்படக் கூடாது. இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் மேல்பூச்சில் தழும்பு நிற்கக்கூடும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். வெண்மையான மங்கல் தெரிந்தால் வெயிலுக்கு எதிரே எடுக்கும் படங்களில் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாடு) செத்துவிடும். இரண்டு மூன்று தூசித் துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படத்தில் அவை தெரியாது. முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலும் அப்படியே, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். பின்கண்ணாடிக் கீறல் கொஞ்சம் பெரிய விஷயம். அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, மவுன்ட் (கேமராவில் மாட்டும் பகுதி) திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா (யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்), ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், பலர் செய்யாமல் விடும் சோதனை ஒன்று உண்டு, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கீழே விழுந்த லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி இம்மி விலகியிருந்தாலும் வெளியே அடையாளம் தெரியாது, படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கும். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து, தொலைவில் உள்ள ஒரு பெயர்ப் பலகையைப் படத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு முறை வரும்படி எடுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் குணம். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் அது பழுது. ஜூம் லென்ஸில் இதை அகல முனையிலும் நீள முனையிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கடை வாசலுக்குப் போய் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், ஈடாகப் பாஸ்போர்ட்டையோ கார்டையோ கேட்டால் கேமராப் பையை அவர்களிடம் விட்டுச் செல்ல முன்வாருங்கள். எந்த வகையிலும் சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கடைகள் தரும் வாரண்டி பயணம் முடிந்ததும் நமக்குப் பயனில்லாமல் போய்விடும். அதனால் பழைய லென்ஸைப் பயணத்தின் ஆரம்பத்திலேயே வாங்குவதுதான் சரி. மீதி நாட்களில் அது தன் குறையைக் காட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு இருக்கும்.

மிரர்லெஸ் கேமரா (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத இன்றைய வகை) வைத்திருப்பவர்கள் அந்தக் கண்ணாடியுள்ள முந்தைய வகையான டிஎஸ்எல்ஆரின் பழைய லென்ஸ்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும், மிகப் பெரிய மிச்சம் அங்கேதான். கேனானின் இஎஃப் மவுன்ட் 1987-ல் வந்தது, அத்தனை வருட லென்ஸ்களும் அடாப்டர் (இடையில் மாட்டும் வளையம்) வழியாக அதன் மிரர்லெஸ் வகையான ஆர்எஃப் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு நன்றாக ஓடும். 160 கிராம் எடையுள்ள இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸைவிடக் குறைந்த செலவில் நல்ல போர்ட்ரெய்ட் எடுக்க வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிக்கானில் கவனம் தேவை. அதன் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் மோட்டார் இல்லை, எனவே தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸ் ஆகும், கேமரா உடலில் உள்ள மோட்டாரை நம்பும் பழைய ஏஎஃப்-டி வகை ஆகாது. விலையைப் பார்த்து ஆசைப்பட்டு ஏஎஃப்-டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

தேர்ட் பார்ட்டி, புதிதாக

பெட்டி பிரிக்காத லென்ஸ்தான் வேண்டும், பணமும் குறைவு என்றால் வழி இதுதான், அதாவது உங்கள் கேமராவைச் செய்த கம்பெனி அல்லாத வேறு நிறுவனத்தின் லென்ஸ். சிக்மா, டாம்ரான் இரண்டும் இன்று மலிவுக்காக மட்டும் வாங்கப்படுபவை அல்ல. ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவுக்கு சிக்மா 18-50 எம்எம் எஃப் 2.8 சுமார் 290 கிராம். அதற்கு நேர் போட்டியான டாம்ரான் 17-70 எம்எம் எஃப் 2.8 சுமார் 525 கிராம், ஆனால் கூடுதல் நீளமும் ஸ்டெபிலைசரும் உண்டு. கேமரா உடலில் ஸ்டெபிலைசர் இருந்தால் சிக்மா, இல்லையென்றால் டாம்ரான் என்பது என் தேர்வு. நாள் முழுக்க நடக்கும் பயணத்தில் அந்த 235 கிராம் மாலையில் தோளில் தெரியும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) சோனிக்கு டாம்ரான் 28-200 எம்எம் ஒன்றே பயணம் முழுவதையும் சமாளிக்கும், அகலம் 28-ல் நின்றுவிடுவது மட்டும்தான் அதன் குறை.

கட்டுப்பாடுகளும் உண்டு. சோனியின் வேகமான கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ் போட்டால் தொடர் படங்கள் வினாடிக்கு 15 என்ற எல்லையில் நின்றுவிடும். லென்ஸின் நீளத்தைக் கூட்டும் துணைக்கருவியான டெலிகன்வர்ட்டரும் சேராது. பறவை, விளையாட்டு எடுப்பவருக்கு இது முக்கியம், தெருவும் கோயிலும் எடுப்பவருக்குப் பொருட்டே இல்லை. கேனான் ஆர்எஃப் பக்கம் 2024-ல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் ஏபிஎஸ்-சி ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்குக் கதவு திறந்தது.

வில்ட்ராக்ஸ், டிடிஆர்டிசன் போன்ற சீன நிறுவனங்களின் சின்ன பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்கள் விலைக்கு மீறிய தரம். கேமரா ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) மாறும்போது லென்ஸையும் புதுப்பிக்க வேண்டி வரலாம் என்பதால் யுஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் வசதி அந்த மாடலுக்கு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். இவை ஆன்லைனில் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைப்பதால் பயணத்தில் தேடி வாங்க அவசியம் குறைவு.

பழைய மேனுவல் லென்ஸ், வாடகை

எம்42 திருகு மவுன்ட், கேனான் எஃப்டி போன்ற பழையவை மலிவு, அடாப்டரும் மலிவு, கையால் ஃபோகஸ் செய்யும் நிதானம் பிடித்தவர்களுக்கு மட்டும். ஓடும் குழந்தையை எடுக்க இவை உதவாது. சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப் 1.4 போன்ற சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் இருப்பதால் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். வெயிலிலோ புறஊதா விளக்கிலோ வைத்தால் பெருமளவு தெளியும், எனவே மஞ்சளைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வனவிலங்குச் சுற்றுலாவுக்காக 150-600 எம்எம் மாதிரி தொலைவை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் வாங்க யோசிப்பவர்களுக்கு வாடகைதான் நல்லது. கார்டில் வைப்புத்தொகை பிடித்து வைப்பார்கள், அந்த அளவு கடன் வரம்பு காலியாக இருக்க வேண்டும்.

பணம் கட்டும் இடத்திலும் சுங்கத்திலும்

கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா, உள்ளூர்ப் பணத்தில் கட்டவா என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் உள்ளூர்ப் பணம். உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் சேவை நிறுவனம் நிர்ணயிக்கும், அதில் அவர்களுக்கான பங்கு கூடுதலாகவே சேரும். உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் லென்ஸ் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது உங்கள் நாட்டின் வரியில்லா வரம்பைத் தாண்டினால் சுங்கம் கட்ட நேரும், செகண்ட் ஹேண்ட் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. பழையது என்று காட்டும் பில் இருந்தால் மதிப்பு அந்த விலையில் கணக்கிடப்பட வாய்ப்பு அதிகம், அதனால் பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். முன்பே வைத்திருக்கும் கேமராவையும் லென்ஸையும் பல நாடுகளில் புறப்படும்போதே சுங்கத்தில் பதிந்து சான்று வாங்கிக்கொள்ளலாம். அதைச் செய்துவிட்டால் திரும்பும்போது புது லென்ஸுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.