தக்கைப்பூண்டு விதை: விதை சரி, கடை சுமார்

மேட்டூர்த் தண்ணீர் நம்ம கடைமடைக்கு வருவதற்குள் வயலைச் சும்மா போடுவானேன் என்று மன்னார்குடிப் பக்கம் ஒரு கடையில் தக்கைப்பூண்டு விதை வாங்கினேன்; வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழுதால் அடுத்து நடும் நெல்லுக்கு உரமாகிற பசுந்தாள் பயிர் இது. ஏக்கருக்கு 20 கிலோ. கோடை மழை ஈரத்திலேயே கிளம்பிவிட்டது, களர் தட்டிய மேட்டு மூலையில்கூட இடுப்பளவு வளர்ந்தது, அங்கே வேறு எதுவும் உருப்படியாக வந்ததே இல்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். யூரியா செலவும் குறையும், அது வடிகாலில் கரைந்து ஓடுவதும் குறையும். பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள்; விட்டால் தண்டு முற்றி நார் பிடித்து, மட்காமல் நடவுக்குத் தொல்லை.

கடைதான் சரியில்லை. மூட்டையில் தூசியும் களை விதையும் கலந்திருந்தன, சலித்துத்தான் தெளித்தோம். கேட்டதற்கு, “எல்லாக் கடையிலும் இப்படித்தான்ண்ணே” என்கிறார்! பில்லையும் இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்கினேன். அடுத்த வருஷத்துக்கு வரப்போரம் கொஞ்சம் செடியை விதைக்கு விட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் போவதாக இல்லை.